பிள்ளையின் நெஞ்சுத் தண்ணீர் எங்கே போகிறது?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு எமது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. உயர்தரத்தில் எம்மிடம் உயிரியல் படித்தவர். இப்போது கட்டாரில் வேலை. "சேர், புள்ளைக்கு நெஞ்சுல தண்ணியாம். பேபி யுனிட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க. மூச்சு வேகமா வாங்குது. என்ன சேர் இது?" என்றார். பின்னால் பெண்களின் குரல் கேட்டது. பிள்ளை பன்னீர்க்குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டது என்றார் ஒருவர். மிஸ்ஸி பிறந்தவுடனே தலைகீழாகப் பிடித்துத் தட்டவில்லை, அதுதான் காரணம் என்றார் இன்னொருவர்.

எத்தனை கிழமையில் பிரசவம் என்று கேட்டோம். சிசேரியன்தான், 37 கிழமை என்றார். அவசரம் ஏதும் இருந்ததா என்றோம். சற்றுத் தயங்கிவிட்டு, "இல்ல சேர், எனக்கு லீவு முடியுது. புள்ளையப் பாத்துட்டுப் போகணும்னு நாங்கதான் முந்திக் கேட்டோம்" என்றார்.

மூன்றாம் நாள் பிள்ளை தாயிடம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இரவு தொலைபேசியில் சொல்ல முடியாத ஒரு வரலாறு இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். எமது ஊரில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு நடப்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், சுகமாக இருக்கும் ஒரு நெஞ்சில் ஏன் தண்ணீர் நிரம்புவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். இருதயம் ஒரு நிமிடத்துக்கு அனுப்பும் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதியும் நுரையீரல் வழியாகவே போகிறது. அங்கே குருதிக்கும் காற்றுக்கும் இடையில் உள்ள சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அவ்வளவு மெல்லிய சுவரின் ஒரு பக்கம் வெள்ளம்போல் குருதி ஓடுகிறது. மறுபக்கம் ஏறத்தாழ உலர்ந்திருக்கிறது.

குருதி முழுவதும் நுரையீரலைச் சுற்றி வருகிறது என்று முதலில் எழுதியவர் இப்னு அல் நபீஸ். 1242 இல், இப்னு ஸீனாவின் நூலுக்கு எழுதிய விளக்கத்தில், இருதயத்தின் வலது இடது அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துவாரம் எதுவும் இல்லை, ஆகவே குருதி நுரையீரல் வழியாகத்தான் மறுபக்கம் போயாக வேண்டும் என்றார். கலன் காலத்திலிருந்து வந்த கருத்தை மட்டுமல்ல, தாம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்த இப்னு ஸீனாவையே அந்த இடத்தில் மறுத்தார். 1924 இல் ஜேர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய வைத்தியர் ஒருவர் தமது ஆய்வேட்டில் எடுத்துக்காட்டும்வரை உலகம் இதை மறந்திருந்தது. எம்மவர்களின் பதிவுகள் சிலவற்றில் நவீன மருத்துவம் முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அது தேவையில்லை. அவர் சொன்ன அந்த ஒன்றே போதும், மிகப் பெரியது. நுரையீரலின் தண்ணீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அதைச் சொல்லப் பின்னும் அறுநூறு வருடங்களுக்கு மேல் ஆனது. 1896 இல் லண்டனில் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடற்றொழிலியலாளர் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். மயிர்த்துளைக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. குருதியிலுள்ள புரதங்கள் அதை உள்ளே இழுக்கின்றன. இந்த இரண்டின் இழுபறிதான் உடம்பின் எந்த இடத்திலும் தண்ணீர் கசிவதையும் கசியாமல் இருப்பதையும் முடிவு செய்கிறது. நுரையீரலில் தள்ளும் அழுத்தம் 10 மில்லிமீற்றர் இரசத்துக்கும் குறைவு. இழுக்கும் விசையோ ஏறத்தாழ 25. கொஞ்சமாகக் கசிவதை நிணநீர்க் குழாய்கள் வடித்து எடுத்துப் போகின்றன. இடது பக்க இருதயம் பலவீனப்பட்டால் பின்னால் அழுத்தம் ஏறுகிறது, நெஞ்சில் தண்ணீர் கோர்க்கிறது. வயதானவர்கள் இரவில் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தே தூங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தக் கணக்கு மிக அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே பல தசாப்தங்களாக எல்லோரும் நுரையீரலை ஒரு வடிகட்டித் துணி போலவே நினைத்தார்கள். அழுத்தம் கூடினால் கசியும், குறைந்தால் காயும், அந்தத் துணிக்குச் சொந்தமாக வேலை எதுவும் இல்லை என்று. அது தவறு என்று காட்டியது பிறக்காத பிள்ளையின் நுரையீரல்.

கருப்பையில் இருக்கும் பிள்ளையின் நுரையீரலில் காற்றில்லை, தண்ணீர்தான் இருக்கிறது என்பது பழைய செய்தி. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பிள்ளை தண்ணீருக்குள் மிதக்கிறது, நெஞ்சையும் மெல்ல அசைக்கிறது, ஆகவே பன்னீர்க்குடத்து நீரை உள்ளே இழுத்திருக்கும் என்றுதான் அறிஞர்களும் நம்பினார்கள். எமது பெண்கள் அந்த இரவு பேசியதும் அதுவே. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உலகமே நம்பியதைத்தான் அவர்களும் நம்பினார்கள்.

1941 இல் சிக்காகோவில் ஈடித் பொட்டர் என்ற நோயியல் வைத்தியர், உருவக் குறைபாட்டுடன் இறந்த சிசுக்களின் நுரையீரலைப் பரிசோதித்து ஓர் அறிக்கை எழுதினார். மூச்சுக்குழாயோடு தொடர்பே இல்லாத நுரையீரல் பகுதியிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. வாசலே இல்லாத அறைக்குள் வெளித்தண்ணீர் எப்படி வரும்? 1948 இல் பிரான்சில் அல்பிரெட் ஜோஸ்ட், பொலிகார்ட் என்ற இருவர் இதை முயல்களில் சோதித்தார்கள். தாய் வயிற்றில் இருக்கும் முயல் குட்டியின் கழுத்தில் மூச்சுப்பாதையைக் கட்டிவிட்டார்கள். தண்ணீர் வெளியிலிருந்து வருவதாக இருந்தால் நுரையீரல் சுருங்கிக் கிடக்க வேண்டும். அது ஊதிப் பெருத்திருந்தது. போக வழியில்லாமல் தண்ணீர் உள்ளேயே சேர்ந்திருந்தது. (சோதனையின் முழு விபரம் கொடுமையானது, வகுப்பில் நாம் சொல்வதில்லை.)

ஆக, பிள்ளை தண்ணீரைக் குடிக்கவில்லை. நுரையீரலே தண்ணீரைச் சுரக்கிறது.

1960களில் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் வைத்தியசாலையில் லெனார்ட் ஸ்ட்ராங் என்பவரின் குழு, பிறக்காத செம்மறிக் குட்டிகளில் இந்த நீரை எடுத்து அளந்தது. குருதியிலிருந்து வடிந்ததென்றால் அதில் புரதம் கணிசமாக இருக்க வேண்டும். மிக அற்பமாகவே இருந்தது. பன்னீர்க்குடத்து நீர் என்றால் அதன் உப்புக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். அதுவும் இல்லை. குளோரைட்டு மட்டும் குருதியில் இருப்பதைவிடத் தெளிவாகக் கூடுதல். நுரையீரலின் கலங்கள் குளோரைட்டை வேலை செய்து உள்ளே தள்ளுகின்றன, அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகின்றன என்பதை 1974 அளவில் ஸ்ட்ராங்கும் ஒலிவரும் காட்டினார்கள். பிரசவம் நெருங்கும் செம்மறிக் குட்டியில் இந்தச் சுரப்பு, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணித்தியாலத்துக்கு நான்கு ஐந்து மில்லிலீற்றர். அதில் ஒரு பகுதி வாய்வழியாக வெளியேறிப் பன்னீர்க்குடத்தில் சேர்கிறது. நாம் நினைத்ததற்கு நேர்மாறான திசை.

இந்தத் தண்ணீர் வீணுக்கு இல்லை. பந்துக்குள் காற்றுப்போல் அது உள்ளேயிருந்து விரித்துப் பிடிப்பதால்தான் நுரையீரல் வளர்கிறது. நீண்ட நாள் வடிந்துகொண்டே இருந்தால் நுரையீரல் சிறுத்துப்போகும்.

ஆனால் பிறக்கும் நிமிடத்தில் அதே தண்ணீர்தான் எமன். ஒன்பது மாதம் உள்ளே சுரந்துகொண்டிருந்த ஒன்று, ஓரிரு மணித்தியாலத்தில் காலியாக வேண்டும். எங்கே போகிறது?

பிறப்புவழியில் நெஞ்சு நெரிபடும்போது வாய்வழி பிதுங்கி வெளியேறிவிடும் என்பதே நீண்டகாலம் சொல்லப்பட்ட பதில். தலைகீழாகப் பிடிப்பதும் முதுகில் தட்டுவதும் இதே எண்ணத்தின் வழி வந்தவைதான். நெரிபடுவதில் கொஞ்சம் வெளியேறவே செய்கிறது. பிள்ளையின் முதல் மூச்சுகளும் தண்ணீரைச் சிற்றறைகளிலிருந்து சுற்றியுள்ள இழையத்துக்குள் தள்ளுகின்றன. இதை 2007 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜப்பானிலுள்ள சக்திவாய்ந்த எக்ஸ்ரே கதிர்நிலையத்தில் முயல் குட்டிகளின் நெஞ்சைப் படம்பிடித்தே காட்டினார்கள். ஆனால் கதையின் நடுப்பகுதி வேறு.

1978 இல் வோல்டர்ஸ், ஒலிவர் இருவரும் பிறக்காத செம்மறிக் குட்டிக்கு அதிரினலின் ஓமோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் சுரப்பதை நிறுத்தியது. நிறுத்தியதோடு நிற்காமல், இருந்த தண்ணீரைத் திருப்பி உறிஞ்சத் தொடங்கியது. பிரசவ நாள் நெருங்க நெருங்க இந்தத் திருப்பம் வலுத்தது. மாதம் குறைந்த குட்டியில் அவ்வளவாக நடக்கவில்லை. பின்பு, கலங்களில் சோடியம் நுழையும் வழியை அடைக்கும் அமிலோரைட் என்ற மருந்தைக் கொடுத்தபோது உறிஞ்சல் நின்றுபோனது. அப்படியானால் தண்ணீரை இழுப்பது சோடியம்.

இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் வேண்டாம். வெட்டிய மாங்காயில் உப்பைத் தூவிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள், தட்டில் தண்ணீர் நிற்கும். உப்பு எந்தப் பக்கமோ தண்ணீர் அந்தப் பக்கம். சிற்றறையின் கலங்கள் உள்ளேயிருக்கும் சோடியத்தைப் பிடித்துக் குருதியின் பக்கம் கடத்துகின்றன. தண்ணீர் அதன் பின்னாலேயே போய், நிணநீரிலும் குருதியிலும் கலந்துவிடுகிறது. நுரையீரல் வெறும் வடிகட்டித் துணியல்ல என்பது இங்கேதான் முழுதாக வெளிப்பட்டது. பெரியவர்களின் நுரையீரலும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை 1980களில் அமெரிக்காவில் மைக்கல் மத்தே, வளர்ந்த செம்மறிகளில் காட்டினார்.

அந்த அதிரினலின் எங்கிருந்து வருகிறது? பிள்ளையிடமிருந்தே வருகிறது. பிரசவ வலி தாய்க்கு மட்டும் உரியதல்ல. ஒவ்வொரு இறுக்கத்திலும் பிள்ளையும் அழுத்தப்படுகிறது, அதன் அதிரினல் சுரப்பிகள் இந்த ஓமோன்களைக் கொட்டுகின்றன. வலி வந்து பிறக்கும் பிள்ளையில் இவற்றின் அளவு மிக உயர்ந்திருக்கிறது. வலி வருமுன் சிசேரியனில் எடுக்கப்படும் பிள்ளையில் அவ்வளவு இல்லை. 1979 இல் ரிச்சர்ட் பிளாண்ட் என்பவரின் குழு முயல் குட்டிகளின் நுரையீரலில் தண்ணீரை அளந்தபோது, வலி கண்டு பிறந்தவற்றில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்திருந்தது. பிறக்குமுன்பே வடியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கடைசிச் சந்தேகமும் 1996 இல் தீர்ந்தது. சோடியம் நுழையும் அந்த வாயிலின் ஒரு பகுதிக்குரிய பரம்பரை அலகை நீக்கிய சுண்டெலிகளைச் சுவிட்சர்லாந்தின் லொசானில் உருவாக்கினார்கள். குட்டிகள் உருவத்தில் குறையில்லாமல் பிறந்தன. மூச்சுவிட முயன்றன. 40 மணித்தியாலத்துக்குள் இறந்தன. நுரையீரலில் தண்ணீர் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மாதம் குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு வரும் கடுமையான மூச்சுத்திணறல் வேறு. அங்கே முக்கிய குறை, சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் மேற்பரப்பிழுவையைக் குறைக்கும் வழவழப்பான பொருள் போதாமை. 1959 இல் மேரி எலன் எவரி என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர் ஜெரே மீட் என்பவருடன் சேர்ந்து இதைக் கண்டுபிடித்தார். 1963 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்து, 39 மணித்தியாலம் வாழ்ந்து இறந்தது இந்த நோயில்தான். ஜனாதிபதி பிள்ளைக்கே கொடுக்க அன்று மருந்தில்லை. 1980 இல் ஜப்பானில் புஜிவாரா அந்தப் பொருளைக் குழாய்வழி கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அதற்கு முன்பே, 1972 இல், நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹௌவி இருவரும் தாய்க்குப் போடும் ஊசியால் பிள்ளையின் நுரையீரலை முந்திப் பக்குவப்படுத்தலாம் என்று காட்டியிருந்தார்கள். எமது வைத்தியசாலைகளிலும் போடும் ஊசிதான்.

அதே எவரி அம்மையார் 1966 இல் வேறொன்றை எழுதினார். மாதம் நிறைந்த, அல்லது ஏறத்தாழ நிறைந்த சில பிள்ளைகள், பிறந்தவுடன் வேகமாக மூச்சு வாங்குகின்றன. சில நாட்களில் தாமாகவே சரியாகிவிடுகின்றன. நுரையீரல் நீர் உறிஞ்சப்படுவது தாமதமாவதே காரணமாக இருக்கலாம் என்றார். எமது மாணவரின் பிள்ளைக்கு நடந்தது இது. யாரும் தட்டாமல் விட்டதால் வந்ததல்ல. தட்டியிருந்தாலும் சோடியம் ஓடியிருக்காது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரே வைத்தியசாலையில் ஒன்பது வருடங்களில் நடந்த 33,289 பிரசவங்களை எடுத்து 1995 இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். எல்லாம் 37 கிழமை நிறைந்தவை. வலி வருமுன் சிசேரியன் செய்த பிள்ளைகளில் மூச்சுக் கோளாறால் தனிப் பராமரிப்புக்குப் போனவர்கள், 37ஆம் கிழமையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 74 பேர். 38இல் 42. 39இல் 18. இரண்டே கிழமையில் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. நாட்காட்டியில் 37 நிறைந்தால் "மாதம் நிறைஞ்சிட்டுது" என்கிறோம். நுரையீரல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிசேரியன் எத்தனையோ தாய்மாரையும் பிள்ளைகளையும் காப்பாற்றிய சத்திரசிகிச்சை. தாய்க்குப் பிரஷர் ஏறினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, வைத்தியர் இன்றே எடுக்க வேண்டும் என்றால் இன்றே எடுக்க வேண்டும். அப்போது கிழமை பார்க்க நிற்பது மடைமை. நாம் பேசுவது வைத்தியர் கேட்காமல் நாம் போய்க் கேட்கும் திகதியைப் பற்றி. லீவு முடிகிறது, நோன்பு வரப்போகிறது, மாமி உம்றாவுக்குப் போகுமுன் பிறக்க வேண்டும், இப்படி.

இதை எழுத எமக்கு முழு யோக்கியதையும் இல்லை. பதினான்கு வருடங்களுக்கு முன் எமது இரண்டாவது பிள்ளைக்குத் திகதி கேட்டவர்கள் நாமே. ஓகஸ்ட் விடுமுறை முடியுமுன் பிறந்தால் பாடசாலைக்கு லீவு போடத் தேவையில்லை என்று நினைத்தோம். முதற் பிள்ளையும் சிசேரியன் என்பதால் இதுவும் எப்படியும் சிசேரியன்தானே, பத்து நாள் முந்தினால் என்ன என்று நயந்து நயந்து கேட்டோம். கிடைத்தது. பிள்ளை நான்கு நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு வாங்கியது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குவதை வெளியே நின்று பார்த்தோம். உம்மா பால் சுரந்து வலியோடு வார்ட்டில் கிடந்தா. நாமோ அன்று கடமையிலிருந்த மிஸ்ஸியிடம், வாயிலிருந்து தண்ணீரைச் சரியாக எடுக்கவில்லை என்று சத்தம் போட்டோம். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்! அந்த மிஸ்ஸி ஒன்றும் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியற்காலையில் அவரே வந்து, "இப்ப மூச்சு அறுபதுக்குக் கீழ வந்துட்டுது, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். பெயரைக்கூட நாம் கேட்கவில்லை.

மாணவரிடம் இதைச் சொன்னோம், பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு. டிக்கட்டை ஒரு கிழமை பின்போட்டிருந்தார், அதற்கும் காசு கட்டித்தான். போகும்போது விமான நிலையத்திலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பினார். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதாம். கடைசியில் சிரித்துக்கொண்டே, "சேர், அடுத்த தடவ லீவ எப்பப் போடணும் எண்டு இப்பவே சொல்லுங்க" என்றார்.

கிளினிக்கில் எழுதித் தரும் பிரசவத் திகதியை எடுத்து, அன்றிலிருந்து லீவைத் தொடங்கும்படி பதில் அனுப்பினோம்.